நீலகிரி காடு யாருக்கு? தண்ணி, யானை, டீ, ஆதிவாசி மக்கள், டூரிஸ்ட் பத்தி அடிக்கடி கேட்கற கேள்விகள்

ஒரே காட்டுக்கு எதுக்குங்க இத்தனை பேர் சண்டை போடறாங்க?

ஏன்னா அந்த ஒரே காடு இத்தனை பேருக்கும் வேற வேற வேலை பண்ணித் தருது. மேல ஊட்டி, முக்குருத்தி, அவலாஞ்சி பக்கம் இருக்கற சோலையும் (மலைப் பள்ளத்துல இருக்கற அடர்ந்த இயற்கைக் காடு) புல்வெளியும் மழைத்தண்ணிய பிடிச்சு வச்சு கொஞ்சம் கொஞ்சமா விடுது. அந்தத் தண்ணிலதான் 1932ல இருந்து பைக்காரா கரண்ட் எடுக்கறாங்க, அப்புறம் குந்தா, மாயார்னு ஒண்ணொண்ணா வந்துச்சு. அதே தண்ணி மாயாறாவும் பவானியாவும் கீழ இறங்கி பவானிசாகர்ல சேர்ந்து கீழ்பவானி பாசனத்துல ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல வயலுக்குப் போகுது. முதுமலைல யானையும் புலியும், கூடலூர்ல டீயும் காப்பியும் அதுல வேலை செய்யற குடும்பங்களும், தோடர் ஆதிவாசிங்க குடியிருப்பான மந்துல எருமைங்க, காட்டுநாயக்கர் தேன் எடுக்கற பாறைங்க, இதெல்லாம் ஒரே மாவட்டத்துல. இதுக்கு மேல சீசனுக்கு வர்ற டூரிஸ்ட் கூட்டம். ஒருத்தருக்குக் குடுத்தா இன்னொருத்தருக்குக் குறையுது. அதனால நீலகிரில காட்டைப் பத்தி என்ன முடிவு எடுத்தாலும் எல்லாருக்கும் பிடிக்கற மாதிரி இருக்காது, அதை முதல்லயே ஒத்துக்கிட்டாதான் மத்த பேச்சு உருப்படும்.

காட்டுக்குன்னு பிளான் ஏதாவது இருக்கா, இல்ல அதிகாரிங்க இஷ்டமா?

இருக்கு. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்கு ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒர்க்கிங் பிளான், அதாவது அந்தக் காட்டுல என்னென்ன செய்யணும்னு வனத்துறை எழுதற திட்டம், அது வழக்கமா பத்து வருஷத்துக்கு. முதுமலை மாதிரி புலிகள் காப்பகத்துக்குத் தனியா ஒரு பாதுகாப்புத் திட்டம், அது வனவிலங்குச் சட்டத்துல இருந்து வர்றது. ஆரம்பத்துல ஒர்க்கிங் பிளான்னாலே எத்தனை டன் மரம், எவ்வளவு வருமானம்னு கணக்குதான். 1952 தேசிய வனக் கொள்கைலயும் நாட்டோட தேவைக்கு மரம்ங்கற நினைப்பு பலமா இருந்துச்சு. 1988 கொள்கைலதான், சுற்றுச்சூழல் முதல்ல, காட்டை நம்பி வாழற மக்களோட தேவை அதுக்கு அடுத்து, வருமானம் கடைசின்னு வரிசையை மாத்தினாங்க. பேப்பர்ல மாறினது தரைல மாற ரொம்ப நாள் ஆகுது, ஏன்னா பழைய பிளான் நட்ட மரங்க இன்னும் அங்கயேதான் நிக்குது.

சீகை மரம் (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்) எல்லாம் மரம்தானே? பச்சையா இருக்கறதை ஏன் வெட்டச் சொல்றீங்க?

இது நிறைய பேர் கேக்கறது, கேக்கறதுல தப்பும் இல்ல, ஊட்டிக்கு வர்றவங்களுக்கு அந்த மரங்கதான் ஊட்டி.

ஆனா உயரமான மலைல இயற்கையா இருந்தது பள்ளத்துல சோலை, மேட்டுல புல்வெளி. மரம் இல்லாத மேட்டைப் பார்த்து வெள்ளைக்காரங்க தரிசுன்னு நினைச்சாங்க. 1840கள்ல ஆஸ்திரேலியால இருந்து கற்பூர மரமும் சீகையும் வந்துச்சு, முதல்ல விறகுக்கு. சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம அரசாங்கமே இன்னும் பெருசா நட்டுச்சு, சீகைப் பட்டை தோல் பதனிடறதுக்கு, கட்டை சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு. அன்னிக்கு அது அறிவா எடுத்த முடிவுதான், வேலை வேணும், தொழில் வேணும்னு நாடு தவிச்ச காலம். ஆனா அதுக்கு விலையா போனது புல்வெளி, புல்வெளியோட சேர்ந்து வரையாடு மேயற இடமும் தோடர் எருமை மேயற இடமும்.

தண்ணி கணக்கும் இருக்கு, இதை எல்லாருமே தெரிஞ்சுக்கணும். கிளென்மார்கன்ல மத்திய மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க பக்கத்துப் பக்கத்துல ரெண்டு நீர்ப்பிடிப்பை எடுத்து, ஒண்ணை புல்லாவே விட்டுட்டு இன்னொண்ணுல 59 சதவீதம் இடத்துல 1972ல கற்பூர மரம் நட்டுப் பார்த்தாங்க. முதல் பத்து வருஷத்துல ஓடைல வர்ற தண்ணி சுமார் 16 சதவீதம் குறைஞ்சுது. மரத்தை வெட்டி அது திரும்ப துளிர்த்து வளர்ந்த அடுத்த சுத்துல சுமார் 25 சதவீதம். அந்தத் தண்ணி கீழ பைக்காரா டர்பைனுக்கோ சத்தியமங்கலம், கோபி பக்கத்து வாய்க்காலுக்கோ போயிருக்க வேண்டியது. மரக்கட்டை வருமானம் ஒரு துறைக்குப் போச்சு, தண்ணி நஷ்டம் வேற யார் தலைலயோ விழுந்துச்சு, ரெண்டையும் ஒரே நோட்டுல எழுதிப் பார்க்கவே இல்ல, எனக்கு இதுலதான் ரொம்ப ஆதங்கம்.

சரி, அப்போ மொத்தமா வெட்டித் தள்ளிட்டா புல்வெளி திரும்பிடுமா?

தானா திரும்பாது. சீகை விதை மண்ணுக்குள்ள பல வருஷம் உயிரோட கிடக்கும், மரத்தை வெட்டி வெயில் பட்டாலோ தீ பட்டாலோ ஆயிரக்கணக்குல முளைக்கும். அதனால வெட்டினதுக்கு அப்புறம் வருஷா வருஷம் நாத்து பிடுங்க ஆள் வேணும், உள்ளூர்ப் புல்லு வளர்த்து நடணும், அது பொறுமையான வேலை, பட்ஜெட்ல ஒரு வருஷக் காசா வர்ற பணத்துக்கு ஏத்த வேலை இல்ல.

இன்னொரு பக்கமும் கேளுங்க. பழைய சீகைத் தோப்பு சிலதுல, பக்கத்துல சோலை இருந்தா, அந்த நிழல்ல சோலை மரக்கன்னுங்க தானா வருது. அந்த இடத்துல போய் மொத்தமா வெட்டினா வர்ற சோலையவும் சேர்த்து அழிக்கற மாதிரி ஆயிடும். அதனால எங்க புல்லு மிச்சம் இருக்கோ, எங்க சீகை இப்பதான் புல்வெளிக்குள்ள பரவுதோ, அங்க முதல்ல கை வைக்கணும், சோலை வந்துட்டு இருக்கற தோப்பை விட்டுடலாம்னு எனக்குப் படுது. இதுல விறகு விஷயமும் இருக்கு, சீகை விறகை நம்பி இருக்கற வீடுங்க நிறைய, அவங்களுக்கு மாத்து என்னன்னு அதே பிளான்ல எழுதாம மரத்தை மட்டும் எடுத்தா அடுத்து சோலைலதான் அருவா விழும்.

உண்ணிச்செடியும் (லான்டானா) சென்னாவும் இவ்வளவு பரவி இருக்கே, அதை எடுக்கறதுல யாருக்கும் நஷ்டம் இல்லயே, ஏன் லேட்டு?

எடுக்கறதுல பெரிய சண்டை இல்ல, உண்மைதான். முதுமலைல உண்ணிச்செடி கீழ்க்காட்டை மூடினா மானுக்கும் காட்டெருமைக்கும் புல்லு இல்ல, அதுங்க தோட்டத்துப் பக்கம் வருது, பின்னாலயே மத்ததும் வருது. தமிழ்நாடு அரசு 2022ல அந்நியக் களைத் தாவரங்களுக்குன்னே ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, சென்னை ஹைகோர்ட்டும் விடாம கேட்டுட்டே இருந்துச்சு. மஞ்சப் பூ பூக்கற சென்னா மரத்தை எடுத்து காகித ஆலைக்குக் கூழுக்கு அனுப்ப அரசு காகித நிறுவனமான டிஎன்பிஎல்கிட்ட குடுத்தாங்க. உண்ணிய வேர்ல கொப்பு கிளம்பற இடத்துக்குக் கீழ வெட்டி தலைகீழா போட்டா திரும்ப துளிர்க்காதுன்னு ஒரு முறை இருக்கு, மேலோட்டமா வெட்டிட்டுப் போனா அடுத்த மழைக்கே முன்னைவிட அடர்த்தியா வரும்.

எடுத்த உண்ணிக் குச்சில கூடலூர் பக்கத்து ஆதிவாசி மக்கள் நிஜ யானை அளவுக்கே யானைங்க செஞ்சு அது லண்டன் வரைக்கும் போச்சு, நாற்காலி, கூடையும் செய்யறாங்க. நல்ல வருமானம். ஆனா களையை நம்பி பெரிய தொழில் வந்துட்டா, களை தீரக்கூடாதுன்னு ஒரு விருப்பமும் கூடவே வரும், அதனால ஆலைக்குக் குடுக்கற ஒப்பந்தத்துலயே எடுத்த இடத்துல திரும்ப முளைக்கறதைப் பிடுங்கற பொறுப்பு யாருதுன்னு எழுதணும்.

காட்டுக்குள்ள ஆடு மாடு மேய்க்கறதை கோர்ட்டே தடை பண்ணிடுச்சாமே?

2022 மார்ச்ல ஹைகோர்ட் முதல்ல தமிழ்நாட்டுல எல்லாக் காட்டுலயும் மேய்ச்சல் கூடாதுன்னு சொல்லி, அதே மாசம் அதைத் திருத்தி தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்துக்கு மட்டும்னு குறைச்சுது. மாட்டுக்கிட்ட இருந்து வனவிலங்குக்கு நோய் பரவும், மேய்ச்சலுக்குப் போட்டி வரும், அந்த பயம் நியாயம். ஆனா ஒரு பெரிய வியாபாரியோட நூறு மாட்டுப் பட்டியும் ஒரு தோடர் குடும்பத்து எருமையும் ஒரே தட்டுல வைக்கற விஷயம் இல்ல. தோடருக்கு எருமை சொத்து மட்டும் இல்ல, அவங்க கோயிலே பால் கறக்கற கோயில்தான். புல்வெளில எருமை மேய்ஞ்சதும் பருவம் பார்த்து கொஞ்சம் எரிச்சதும் சேர்ந்துதான் அந்தப் புல்வெளி இப்படி இருக்குன்னு சொல்றவங்க இருக்காங்க, அதை ஒரேயடியா தள்ளிவிட முடியாது. மசினகுடி பக்கம் கதை வேற, அங்க சாணி விக்கறதுக்காகவே பட்டி வச்சிருந்தாங்க, எண்ணிக்கை காடு தாங்கறதுக்கு மேல. அதனால மாடு உண்டா இல்லையான்னு கேக்கறதைவிட எந்த இடத்துல, யாரோடது, எத்தனைன்னு கேக்கணும், அந்தக் கணக்கு உள்ளூர்ல உக்காந்துதான் போட முடியும்.

வன உரிமைச் சட்டப்படி பட்டா குடுத்தா காடு அழிஞ்சிடாதா?

இந்த பயத்தைக் கிளப்பறவங்க சட்டத்தை ஒரு தடவை முழுசா படிச்சா நல்லா இருக்கும். 2006 சட்டம் புதுசா காடு வெட்ட அனுமதி குடுக்கல. 2005 டிசம்பர் 13க்கு முன்னாடியே அனுபவிச்சுட்டு இருந்த நிலத்தையும் உரிமையையும் ஒத்துக்குது, அவ்வளவுதான். ஆதிவாசி இல்லாதவங்கன்னா மூணு தலைமுறை, அதாவது 75 வருஷம் காட்டை நம்பி அங்க இருந்ததைக் காட்டணும். தனி வீட்டு நிலம்தான் எல்லாரும் பேசறாங்க, ஆனா அதைவிடப் பெருசு சமூக உரிமை: தேன், நெல்லி, கடுக்காய், பாசி எடுக்கறது, தங்களோட காட்டைத் தாங்களே பாதுகாத்து நிர்வகிக்கறது. தமிழ்நாட்டுல கோர்ட் வழக்கால 2016 வரைக்கும் பட்டா குடுக்கறது நின்னு போய் கிடந்துச்சு, அந்த தாமதத்தோட வலி இன்னும் கிராம சபைல தெரியுது.

என் கருத்து கேட்டா, தேன் எடுக்கறவங்களுக்கு எந்தப் பாறைல எத்தனை கூடு, எந்த மரம் எப்போ பூக்கும்னு தெரியும், காட்டுல ஏதாவது மாறினா முதல்ல கவனிக்கறது அவங்கதான். அவங்களை வெளில வச்சுட்டு போடற பிளான்ல பாதி விவரம் கிடையாது.

சீகூர் யானை வழித்தடத்துல ரிசார்ட்டை எல்லாம் மூடினது சரியா?

சரின்னுதான் நான் நினைக்கறேன், ஆனா நடந்த விதத்துல குறை இருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சேர்ற இடம் அது, ஊட்டிச் சரிவுக்கும் மாயாறு பள்ளத்துக்கும் நடுவுல இருக்கற குறுகலான மேட்டுநிலம், யானைக்கு வேற வழி இல்ல. 2010ல அரசு வழித்தடமா அறிவிச்சுது, 2011ல ஹைகோர்ட் சரின்னு சொல்லுச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட் உத்தரவுல ரிசார்ட்டுகளுக்கு சீல் வச்சாங்க, 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் அறிவிப்பை உறுதி பண்ணி, ஆட்சேபணை கேக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமைல குழு போட்டுச்சு. மின்வேலி போட்டு சுத்தி விளக்கு போட்டு நடத்தின விடுதியும், தலைமுறையா அங்கயே குடிசை போட்டு ராகி விதைச்ச குடும்பமும் ஒரே மேப்புக்குள்ள வந்துட்டாங்க. விடுதிக்காரங்களுக்கு வக்கீல் இருந்தாங்க. குடும்பங்களுக்கு எந்த சர்வே நம்பர் உள்ள வருது, எது வெளில நிக்குதுன்னு தெளிவா சொல்லவே ரொம்ப நாள் ஆச்சு. யானைக்கு வழி விடறதுல விட்டுக்கொடுக்கவே கூடாது, ஆனா கோடு போடறப்பவே அதுக்குள்ள இருக்கற சின்ன ஆளு யாருன்னு பேர் பேரா எழுதி, அவங்களுக்கு என்ன குடுக்கறோம்னும் அதே உத்தரவுல சொல்லணும்.

கூடலூர் ஜென்ம நிலப் பிரச்சனைன்னா என்ன? எத்தனை தடவை படிச்சாலும் புரியல.

உங்களுக்கு மட்டும் இல்ல, அங்க குடியிருக்கறவங்களுக்கே தலை சுத்தும். கூடலூர், பந்தலூர் பக்கம் நிலம் எல்லாம் ஒரு காலத்துல கேரளாவுல இருக்கற நிலம்பூர் கோவிலகம்ங்கற அரச குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து, அதான் ஜென்ம நிலம், அதை எஸ்டேட்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தாங்க. 1969ல தமிழ்நாடு ஜென்ம ஒழிப்புச் சட்டம் கொண்டு வந்துச்சு, சுமார் 80,000 ஏக்கர் அதுல வருது. குத்தகை எஸ்டேட் நிலம், தோட்டக் குத்தகை பத்தின 17ஆவது பிரிவுல சிக்கிக்கிச்சு, வழக்கு மேல வழக்கு. அது தீர்றதுக்குள்ள மக்கள் குடியேறிட்டாங்க, கேரளால இருந்து வந்தவங்க, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கைல இருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள், எல்லாரும். ஓவேலி பக்கம் இன்னிக்கும் கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்காம இருக்கற வீடுங்க இந்தப் பிரிவு 17ஆலதான்.

இன்னொண்ணு, இந்தியா முழுக்க காடுன்னா எதுன்னு மாத்தின கோதவர்மன் வழக்கு இங்க இருந்துதான் கிளம்புச்சு. நிலம்பூர் கோவிலகத்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, தன்னோட குடும்பம் காத்த கூடலூர் காட்டை வெட்டறாங்கன்னு 1995ல சுப்ரீம் கோர்ட் போனார். 1996 டிசம்பர் 12ல கோர்ட், ரெக்கார்டுல யார் பேர்ல இருந்தாலும் அகராதி அர்த்தப்படி காடா இருந்தா அது காடுதான்னு சொல்லிடுச்சு. அந்த உத்தரவு இல்லாம இருந்தா கூடலூர்ல மிச்சம் இருக்கற மரமும் போயிருக்கும், நான் சந்தேகமே படல. அதே உத்தரவுதான் அங்க இருக்கற ஏழைக்கு ஒரு கம்பம் நடக்கூட பல ஆபீஸ் ஏற வைக்குது. காடு பிழைச்சதுக்கு உண்டான விலையை இன்னிக்கு வரைக்கும் கட்டிட்டு இருக்கறது எஸ்டேட் முதலாளி இல்ல, எஸ்டேட் லைன் வீட்டுல (வரிசையா கட்டின தொழிலாளர் வீடு) இருக்கற தொழிலாளி.

டான்டீ (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் குடுத்தாங்களே, அது நல்லதுதானே?

காட்டுக்கு நல்லது. 2022ல சுமார் 2,152 ஹெக்டேரைத் திருப்பிக் குடுக்க உத்தரவு வந்துச்சு, பராமரிக்க முடியாம புதர் மண்டிக் கிடந்த டீக்காடு நிறைய அதுல இருக்கு, சில இடம் யானை போற வழி. ஆனா டான்டீ ஆரம்பிச்சதே இலங்கைல இருந்து வந்தவங்களுக்கு வேலை குடுக்க, 1968ல திட்டமா ஆரம்பிச்சு 1976ல கார்ப்பரேஷன் ஆச்சு. ஒரு தடவை நாடு விட்டு நாடு அனுப்பப்பட்ட குடும்பத்துக்கிட்ட இப்போ தோட்டமும் இல்ல, வீடும் காலி பண்ணுங்கன்னா அது எப்படிங்க? காடா மாத்தற வேலைக்கே அவங்களை எடுக்கலாம், டீச்செடி பிடுங்கறது, நாற்றங்கால், களை எடுக்கறது எல்லாம் வருஷக்கணக்குல இருக்கற வேலை. வீட்டு விஷயம் முடிவாகாம நிலத்தை மட்டும் கைமாத்தறது எனக்கு ஒப்பவே இல்ல.

புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கறவங்களை வெளியேத்தறது கட்டாயமா?

சட்டப்படி கட்டாயம் இல்ல, விருப்பப்பட்டு, கிராம சபை ஒத்துக்கிட்டு, உரிமையை எல்லாம் அங்கீகரிச்ச பிறகுதான். ஒரு குடும்பத்துக்கு 10 லட்சமா இருந்த தொகை 2021ல 15 லட்சமாச்சு. சில குடும்பங்க தாங்களே போகணும்னு கேக்கறாங்க, ஆஸ்பத்திரி, ஸ்கூல் தூரம், யானை பயம், அதையும் மதிக்கணும். ஆனா பணத்தைக் கைல குடுத்து இறக்கி விட்டா நிலம் வாங்கித் தர்றேன்னு வர்ற புரோக்கர்கிட்ட மாட்டறாங்க. நிலத்துக்கு நிலம், பக்கத்துலயே, சொந்தக்காரங்க பிரியாமன்னு குடுத்தா மட்டும்தான் அது மாற்றிடம்.

கார்பனுக்காக மரம் நடறதை ஏன் மேல்மலைல வேணாம்ங்கறீங்க?

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 33 சதவீதம் பசுமைப் போர்வைங்கற இலக்கோட 2022ல ஆரம்பிச்சுது, சமவெளில ரோட்டோரம், ஏரிக்கரை, விவசாய நிலத்துல நடறதுக்கு இடம் நிறைய இருக்கு. புல்வெளில நட்டா ஏற்கெனவே மண்ணுக்குள்ள இருக்கற கார்பனைக் கிளறி, தண்ணியக் குறைச்சு, வரையாடு மேயற இடத்தை மூடறோம். முக்குருத்தி 78 சதுர கிலோமீட்டர்தான், அதுலயும் சீகை வந்தாச்சு.

டூரிஸ்ட்டைக் குறைச்சா எங்க பொழப்பு?

நீலகிரிக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வாங்கணும்னு 2024 மே 7ல வந்தப்போ ஓட்டல், டாக்சிக்காரங்க பயந்தது எனக்குப் புரியுது. 2025 ஏப்ரல்ல இருந்து ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார கடைசில 8,000னு ஹைகோர்ட் உச்சவரம்பு போட்டுச்சு. கோடைல ஊட்டிலயும் குன்னூர்லயும் தண்ணி எப்படி வருதுன்னு அங்க இருக்கறவங்ககிட்ட கேளுங்க, காடு குடுக்கற தண்ணிக்கு ஒரு அளவு இருக்கு. உள்ளூர் வண்டி, உள்ளூர் வீட்டுத் தங்கல்னு வருமானம் மலைலயே தங்கற மாதிரி செஞ்சா குறைஞ்ச கூட்டத்துலயும் பொழப்பு நடக்கும். முதுமலை, பந்திப்பூர் ரோட்டுல ராத்திரி வண்டிக்குத் தடை 2009ல வந்தப்பவும் வியாபாரம் அழிஞ்சுடும்னுதான் சொன்னாங்க.

அப்போ உங்க கணக்குல எதுக்கு முதலிடம்?

இடத்தைப் பொறுத்து. மேல்மலைல தண்ணியும் புல்வெளியும் முதல்ல, மரக்கட்டை வருமானம் வேண்டவே வேண்டாம். சீகூர்ல யானை வழி முதல்ல. கூடலூர்ல குடியிருக்கறவங்க வீடும் கரண்ட்டும் முதல்ல தீரணும், அதுக்கப்புறம் மிச்சக் காட்டை ஒரு இஞ்ச் விடாம காப்பாத்தணும். எல்லா இடத்துலயும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்னு எழுதற பிளான், கடைசில பலம் இருக்கறவங்க பக்கம்தான் சாயும். ஒவ்வொரு இடத்துலயும் எதை விட்டுக்கொடுக்கறோம், அதனால நஷ்டம் யாருக்கு, அந்த நஷ்டத்தை எந்தக் காசுல ஈடு கட்டறோம்னு மூணு வரி பிளான்லயே தமிழ்ல எழுதியிருக்கணும். கீழ பாசனத்துக்கும் கரண்ட்டுக்கும் தண்ணி போகுதுன்னா அதுல இருந்து ஒரு பங்கு மேல புல்வெளி காக்கற வேலைக்கும் அதைச் செய்யற தோடர், இருளர், குறும்பர் குடும்பத்துக் கூலிக்கும் வரணும், இது தானம் இல்ல, வாங்கற பொருளுக்கு விலை.

இதுல சாதாரண ஆளு எங்க போய் பேசறது?

முதல்ல உங்க கிராம சபை, வருஷத்துல பல தடவை கூடுது, காட்டு விஷயம் தீர்மானமா எழுதச் சொல்லுங்க, வாய்ல சொல்லிட்டு வந்தா பதிவாகாது. சரணாலயத்தைச் சுத்தி சூழல் உணர்திறன் மண்டலம், அதாவது கட்டுப்பாடு இருக்கற பகுதி, அறிவிக்கறதுக்கு முன்னாடி வரைவு வரும், ஆட்சேபணை குடுக்க 60 நாள் இருக்கும், அது கெஜட்ல வர்றதால நிறைய பேருக்குத் தெரியாமயே போயிடுது. ஒர்க்கிங் பிளான் நகல் டிவிஷன் ஆபீஸ்ல கேளுங்க, தராட்டி தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க, உங்க ஊர் வர்ற பக்கங்களை மட்டும் கேட்டா செலவும் கம்மி. மேப் இணைப்பையும் சேர்த்து கேக்க மறந்துடாதீங்க, சர்வே நம்பர் எல்லாம் அதுலதான் இருக்கும்.